பீச்சா, சென்ட்ரலா? வண்ணாரப்பேட்டையில் மின்சார ரயில், மெட்ரோ, பஸ் மாறுவதற்கு முழுமையான வழிகாட்டி

பொன்னேரியில் இருக்கும் என் பெரியம்மா, ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். காலை எட்டரை மணிக்கெல்லாம் நான் வண்ணாரப்பேட்டை ஸ்டேஷன் வாசலில் போய் நின்றுவிட்டேன். போன் வந்தது.

"கண்ணு, கொருக்குப்பேட்டை தாண்டி ரொம்ப நேரமாச்சு. வண்டி எங்கேயோ நடுவுல நிக்குது. வண்ணாரப்பேட்டை இன்னும் வரலையே?"

"பெரியம்மா, நீங்க ஏறினது பீச் வண்டியா, சென்ட்ரல் வண்டியா?"

"ரெண்டும் மெட்ராஸ் வண்டிதானே கண்ணு?"

ஊரில் இருப்பவர்களுக்கு ரெண்டும் மெட்ராஸ் வண்டிதான். ஆனால் கொருக்குப்பேட்டையைத் தாண்டியதும் அந்த இரண்டும் வேறு வேறு பக்கம் திரும்பிவிடும். சென்னைக் கடற்கரை ஸ்டேஷனுக்குப் போகிற பீச் வண்டி வண்ணாரப்பேட்டைக்கு வரும். சென்ட்ரல் வண்டி பேசின் பிரிட்ஜ் வழியாகப் போய்விடும். வண்ணாரப்பேட்டையை எட்டிக்கூடப் பார்க்காது. பெரியம்மா ஏறியது சென்ட்ரல் வண்டி. அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அன்றைக்குத்தான் இதை ஒருமுறை உட்கார்ந்து முழுசாக எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. வடக்கேயிருந்து ஆஸ்பத்திரிக்கும் காலேஜுக்கும் வேலைக்கும் தினமும் வருகிற எத்தனையோ பேர், இந்த ஒரு குழப்பத்தில் அரைமணி நேரத்தைத் தொலைக்கிறார்கள்.

வடசென்னையில் மின்சார ரயில், மெட்ரோ, மாநகரப் பேருந்து மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் கூடுகிற இடம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வண்ணாரப்பேட்டைதான். விம்கோ நகரும் உண்டு. அதைக் கடைசியில் பார்ப்போம்.

படி 1: நான்கு மூலைப் படத்தை மனதில் போட்டுக்கொள்ளுங்கள்

ஒரு தாளை எடுங்கள். கீழே இடது மூலையில் சென்ட்ரல் என்றும் வலது மூலையில் பீச் என்றும் எழுதுங்கள். மேலே இடது மூலையில் ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம். இது மேற்குப் பாதை. மேலே வலது மூலையில் திருவொற்றியூர், எண்ணூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி. இது வடக்குப் பாதை. கீழே உள்ள இரண்டு இடங்களிலிருந்தும் மேலே உள்ள இரண்டு பக்கமும் வண்டி போகிறது. ஆக நான்கு கோடுகள். அந்தக் கோடுகள் சேரும் இடங்களில்தான் நமக்கு வேலை.

சென்ட்ரலிலிருந்து கிளம்பும் வண்டி மேற்கே போனாலும் வடக்கே போனாலும் முதலில் பேசின் பிரிட்ஜ். பீச்சிலிருந்து கிளம்பும் வண்டி எந்தப் பக்கம் போனாலும் முதலில் ராயபுரம், அடுத்து வண்ணாரப்பேட்டை. மேற்கே போகும் வண்டிகள் இரண்டு இடத்திலிருந்தும் வந்து ஒன்றுசேரும் ஸ்டேஷன் வியாசர்பாடி ஜீவா. வடக்கே போகும் வண்டிகள் ஒன்றுசேரும் ஸ்டேஷன் கொருக்குப்பேட்டை.

பேசின் பிரிட்ஜ், வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி ஜீவா, கொருக்குப்பேட்டை. இந்த நான்கு பெயரும் மனப்பாடம் ஆகிவிட்டால் வடசென்னையில் நீங்கள் வழி தவற மாட்டீர்கள். தவறினாலும் அடுத்த ஸ்டேஷனிலேயே திருத்திக்கொள்ளலாம்.

இதிலிருந்து வருகிற கணக்கு சுலபம். வடக்கேயிருந்து மேற்கே போக வேண்டும், உதாரணத்துக்கு எண்ணூரிலிருந்து அம்பத்தூர். நீங்கள் இருப்பது சென்ட்ரல் வண்டி என்றால் பேசின் பிரிட்ஜில் மாறுங்கள். பீச் வண்டி என்றால் வண்ணாரப்பேட்டையில் மாறுங்கள். இரண்டில் எது நல்லது என்று கேட்டால், பேசின் பிரிட்ஜில் வண்டி அதிகம், காத்திருப்பு குறைவு. ஆனால் இருட்டிய பிறகு தனியாகக் காத்திருக்க எனக்கு வண்ணாரப்பேட்டைதான் மனசுக்குத் தெம்பு. என் தங்கைக்கும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

படி 2: ஏறுவதற்கு முன்பே கேளுங்கள்

"இது பீச்சா, சென்ட்ரலா?" பிளாட்பாரத்தில் நிற்கும் யாரையும் கேட்கலாம். பொன்னேரியிலிருந்து திருவொற்றியூர் வரை இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாதவர் கிடையாது. ஒருவரைக் கேட்டால் மூன்று பேர் சொல்வார்கள்.

கேட்கக் கூச்சமாக இருந்தால் எழுத்தைப் பாருங்கள். ரயில்வே எல்லா ஸ்டேஷனுக்கும் ஒரு சுருக்கக் குறி வைத்திருக்கிறது. கால அட்டவணையிலும் செயலியிலும் அதுதான் வரும். பீச்சுக்கு எம்.எஸ்.பி. (MSB); மெட்ராஸ் பீச் என்ற பழைய பெயரின் மிச்சம் அது. சென்ட்ரலில் மின்சார ரயில் நிற்கும் பகுதிக்கு மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் என்று பெயர். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். செயலியில் சென்ட்ரல் என்று தேடிவிட்டு, மூர் மார்க்கெட் என்று வந்தால் அது வேறு ஏதோ ஊர் என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டும் ஒரே வளாகம்தான். வண்ணாரப்பேட்டைக்குக் குறி டபிள்யூ.எஸ்.டி. (WST). நீங்கள் பார்க்கிற வண்டியின் நிறுத்தப் பட்டியலில் அது இருந்தால் அது பீச் வண்டி.

வடக்குப் பாதையிலும் சரி, மேற்குப் பாதையிலும் சரி, பீச் வண்டிகள் குறைவு. சென்ட்ரல் வண்டிகள் அதிகம். அதனால் வண்ணாரப்பேட்டையில்தான் இறங்க வேண்டும் என்பவர்கள் நேரம் பார்த்துவிட்டு வீட்டிலிருந்து கிளம்புவது நல்லது. ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி இன்னும் குறையும். பாதையில் பராமரிப்பு வேலை என்று சில நாட்களில் வண்டிகளை ரத்து செய்வார்கள். முன்கூட்டியே செய்தியில் வந்துவிடும். முந்தின நாள் ராத்திரி ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

படி 3: தவறான வண்டியில் ஏறிவிட்டால்

பதற வேண்டாம். வடக்கேயிருந்து வருகிறீர்கள், சென்ட்ரல் வண்டி என்று இப்போதுதான் தெரிகிறது, கொருக்குப்பேட்டை இன்னும் வரவில்லை. அப்படியென்றால் கொருக்குப்பேட்டையில் இறங்கி அடுத்த பீச் வண்டிக்குக் காத்திருக்கலாம். மேற்கேயிருந்து வந்தால் இதே வேலையை வியாசர்பாடி ஜீவாவில் செய்யலாம். கம்யூனிஸ்ட் தலைவர் ப. ஜீவானந்தத்தின் பெயர் தாங்கிய ஸ்டேஷன் அது.

ஆனால் அடுத்த பீச் வண்டிக்கு நேரமாகும் என்றால் நான் இறங்க மாட்டேன். நேரே சென்ட்ரலுக்கே போய், அங்கே மெட்ரோ ஏறி வண்ணாரப்பேட்டைக்குத் திரும்பி வருவேன். விம்கோ நகர் பக்கம் போகும் மெட்ரோவில் சென்ட்ரலுக்கு அடுத்து உயர் நீதிமன்றம், மண்ணடி, மூன்றாவது வண்ணாரப்பேட்டை. அவ்வளவுதான். பெரியம்மாவை இப்படித்தான் வரச் சொன்னேன்.

இதில் ஒன்றை மறக்கக் கூடாது. டிக்கெட்டில் எழுதியிருக்கிற ஸ்டேஷனைத் தாண்டிப் போனால் அது டிக்கெட் இல்லாப் பயணம். அபராதம் குறைந்தபட்சம் 250 ரூபாய், அதற்கு மேல் கட்டணமும் சேரும். மின்சார ரயிலில் குறைந்தபட்சக் கட்டணமே 5 ரூபாய்தான் என்கிறபோது, ஐந்து பத்து ரூபாயைப் பார்த்து இந்தச் சிக்கலில் மாட்டிக்கொள்ள வேண்டாம். எந்த வண்டி கிடைக்கும் என்று உறுதியாகத் தெரியாத நாளில், டிக்கெட் எடுக்கும்போதே கவுன்ட்டரில் கேட்டு, எந்த வழிக்குச் செல்லும் என்று தெரிந்துகொண்டு எடுங்கள். சீசன் எடுப்பவர்களுக்கும் இதே பேச்சுதான்: பீச் வழியா, சென்ட்ரல் வழியா என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

பேசின் பிரிட்ஜ் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சென்ட்ரலுக்குள் நுழையும் எல்லா வண்டிக்கும் அது ஒரு குறுகிய வாசல் மாதிரி. வெளியூர் எக்ஸ்பிரஸ்கள், யார்டுக்குப் போகும் காலிப் பெட்டிகள், இரண்டு பக்கத்து மின்சார ரயில்கள் எல்லாம் அந்த வழியாகத்தான் போக வேண்டும். அதனால் சிக்னலுக்காக நிற்பது அன்றாட நடப்பு. சென்ட்ரலில் எக்ஸ்பிரஸ் பிடிக்கப் போகிறவர்கள் கால அட்டவணையில் உள்ள நேரத்தை அப்படியே நம்பாமல் குறைந்தது இருபது நிமிடம் கூட வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நிற்கிறதே என்று குதித்துத் தண்டவாளத்தில் நடக்கிறவர்களை நான் வாரத்தில் நான்கு நாளாவது பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். பக்கத்துப் பாதையில் வருகிற வண்டி வளைவில் கண்ணுக்குத் தெரியாது. தண்டவாளத்தைக் கடப்பது ரயில்வே சட்டப்படி குற்றம், ஆறு மாதம் வரை சிறைகூட உண்டு என்பது அப்புறம். வீட்டில் ஒருவர் சாப்பாடு எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார் என்பது முதலில்.

படி 4: வண்ணாரப்பேட்டையில் ரயிலிலிருந்து மெட்ரோவுக்கு

சென்னை மெட்ரோ வண்ணாரப்பேட்டைக்கு வந்தது 2019 பிப்ரவரி 10-இல். அன்றைக்கு அதுதான் கடைசி ஸ்டேஷன். இரண்டு வருடம் கழித்து, 2021 பிப்ரவரி 14-இல், பாதை விம்கோ நகர் வரை நீண்டது. இப்போது விம்கோ நகர் பணிமனையிலிருந்து விமான நிலையம் வரை ஒரே நீலப் பாதை. அதில் தண்டையார்பேட்டை வரை பூமிக்கு அடியில் போகிற வண்டி, புதுவண்ணாரப்பேட்டையில் மேலே ஏறிவிடும். டோல்கேட்டில் உட்கார்ந்தபடி வீட்டு மொட்டை மாடிகளையும் அதற்கப்பால் கடலையும் ஒருசேரப் பார்க்கும்போது, பிறந்து வளர்ந்த ஊர் புதுசாகத் தெரியும்.

மின்சார ரயிலிலிருந்து இறங்கினால் செய்ய வேண்டியது இது. முதலில் கூட்டம் கலைய ஒரு நிமிடம் விடுங்கள். காசிமேட்டிலிருந்து மீன் கூடை எடுத்துக்கொண்டு வரும் அம்மாக்கள் வெண்டர் பெட்டியில் ஏறி இறங்குவார்கள். கூடை பாரமானது, தண்ணீர் சொட்டும், அவர்களுக்கு வழி விட்டுவிட்டு நகருங்கள். நடைமேம்பாலம் ஏறி வெளியே வாருங்கள். மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்திலேயே, சில நிமிட நடை. நீல நிற மெட்ரோ பலகையைப் பார்த்துக்கொண்டே போனால் போதும். ஏற்கெனவே தெரிந்தவர்கள் போகிற வேகத்தைப் பார்த்து நீங்களும் ஓட வேண்டாம். மெட்ரோ சில நிமிடத்துக்கு ஒன்று வரும்.

உள்ளே நுழைந்ததும் பையை ஸ்கேனரில் வைக்க வேண்டும். டிக்கெட் கவுன்ட்டரிலும் கிடைக்கும், போனில் வாட்ஸ்அப் வழியாகவும் எடுக்கலாம். போனில் எடுத்தால் கட்டணத்தில் 20 சதவீதம் குறையும். குறைந்தபட்சம் 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய். தினமும் போகிறவர்கள் சிங்காரச் சென்னை அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். அதே அட்டை மாநகரப் பேருந்திலும் செல்லும். மின்சார ரயிலுக்கு அது செல்லாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ரயில் டிக்கெட்டுக்குக் கவுன்ட்டர், தானியங்கி இயந்திரம், இல்லையென்றால் ரயில்வேயின் ரயில்ஒன் செயலி. மூன்றையும் ஒரே இடத்தில் எடுக்க விரும்பினால் 2025 செப்டம்பரில் அரசு கொண்டுவந்த சென்னை ஒன் செயலி இருக்கிறது. பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் அதில் எடுக்கலாம். வீட்டில் பெரியவர்கள் போனில் அதை ஏற்றிக்கொடுத்து, கூட இருந்து ஒருமுறை டிக்கெட் எடுத்துக் காட்டுங்கள். ஏற்றிக்கொடுப்பதோடு விட்டால் அவர்கள் தொடவே மாட்டார்கள்.

மெட்ரோ பிளாட்பாரத்தில் ஒரு சூட்சுமம். காலை மாலை நெரிசல் நேரத்தில் சில வண்டிகள் வண்ணாரப்பேட்டைக்கும் ஆலந்தூருக்கும் நடுவில் மட்டும் ஓடும். தெற்கேயிருந்து வரும்போது வண்டியின் முகப்பில் வண்ணாரப்பேட்டை என்று போட்டிருந்தால், திருவொற்றியூர் போகிறவர்கள் அதில் உட்கார்ந்து தூங்கிவிடாதீர்கள். இங்கே எல்லோரையும் இறக்கிவிடுவார்கள். அதே விஷயம் நமக்கு ஒரு லாபமும் ஆகும். தெற்கே போகும்போது இங்கிருந்தே புறப்படும் காலி வண்டி கிடைத்தால் உட்கார இடம் நிச்சயம். நான் நேரம் இருக்கும் நாட்களில் நிரம்பி வரும் வண்டியை விட்டுவிட்டு அதற்காகக் காத்திருப்பேன்.

லிஃப்ட் இருக்கிறது. முழங்கால் வலிக்காரர்களும் கர்ப்பிணிகளும் எஸ்கலேட்டரைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும் லிஃப்ட் எங்கே என்று காவலரைக் கேளுங்கள், காட்டுவார். பெரியம்மா சென்ட்ரலில் எஸ்கலேட்டர் முன்னால் கால் வைக்க முடியாமல் நின்றிருக்கிறார். யாரோ ஒரு காலேஜ் பெண், "வாங்க பாட்டி" என்று கையைப் பிடித்து லிஃப்டுக்குக் கூட்டிப்போய், வண்ணாரப்பேட்டை வரை கூடவே உட்கார்ந்து வந்தாள். வெளியே வந்தபோது பெரியம்மாவின் ஒரு கையில் ஸ்டான்லி சீட்டு, இன்னொரு கையில் அந்தப் பெண்ணின் கை. பெயர்கூடக் கேட்க விடவில்லை. வகுப்புக்கு நேரமாகிறது என்று ஓடிவிட்டாள்.

படி 5: எந்த ஊருக்கு எப்படி

வண்ணாரப்பேட்டையில் நின்றுகொண்டு யோசிக்கிறவர்களுக்கு:

விமான நிலையம் என்றால் மெட்ரோ, மாறாமல் நேரே, சுமார் முக்கால் மணி நேரம். கோயம்பேடு, வடபழனி, அசோக் நகர் என்றால் மெட்ரோவில் சென்ட்ரல் போய் அங்கே பச்சைப் பாதைக்கு மாறுங்கள். எழும்பூரும் பச்சைப் பாதையில் சென்ட்ரலுக்கு அடுத்த ஸ்டேஷன்தான்.

கோட்டை, பூங்கா, மாம்பலம், கிண்டி, தாம்பரம் போகிறவர்களுக்குப் பீச் வண்டியில் இரண்டு ஸ்டேஷன் போய் மாறுவது மலிவான வழி. பீச் ஸ்டேஷனில் தாம்பரம், செங்கல்பட்டு வண்டிகள் ஒரு பக்கம். மயிலாப்பூர், வேளச்சேரி போகும் பறக்கும் ரயில் இன்னொரு பக்கம். பீச்சுக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே பறக்கும் ரயில் 2023 ஆகஸ்டிலிருந்து பதினான்கு மாதம் நிறுத்தப்பட்டிருந்தது. எழும்பூர் வரை நான்காவது பாதை போடுவதற்காக. 2024 அக்டோபர் கடைசியில் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது. அப்போது பழகிய சுற்று வழியிலேயே இன்னும் போய்க்கொண்டிருப்பவர்களை நான் பார்க்கிறேன். அது இனி தேவையில்லை.

தென்மாவட்டப் பஸ் பிடிக்கக் கிளாம்பாக்கம் போக வேண்டுமா? பீச்சில் மாறி, செங்கல்பட்டு வண்டியில் வண்டலூரில் இறங்குங்கள். மூட்டை முடிச்சோடு, பொங்கல் தீபாவளிக் கூட்டத்தில் என்றால் பீச்சிலேயே ஏறுவதுதான் புத்திசாலித்தனம். அங்கே புறப்படுகிற வண்டியில் பையை வைக்க இடம் கிடைக்கும், எழும்பூரில் கிடைக்காது.

பெரம்பூர், வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி போகிறவர்கள் இங்கேயே மேற்குப் பாதை வண்டிக்கு நிற்க வேண்டும். வடக்குப் பாதை வண்டியும் இதே ஸ்டேஷனுக்குத்தான் வரும் என்பதால், பீச்சிலிருந்து வந்து நிற்கிற முதல் வண்டியில் பாய்ந்து ஏறக் கூடாது. ஆவடிக்குப் போக நினைத்து எண்ணூர்க் காற்றை வாங்கிவிட்டு வந்தவர்கள் உண்டு. ஒலிபெருக்கியில் தமிழில் சொல்வார்கள், கேட்டுவிட்டு ஏறுங்கள். பெரம்பூரில் இறங்குகிறவர்களுக்கு இன்னும் சில வருடங்களில் மெட்ரோவும் கிடைக்கும். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் போகிற மூன்றாவது வழித்தடம் பெரம்பூரில் பூமிக்கு அடியில் வருகிறது. அது வந்தால் வண்ணாரப்பேட்டையின் பாரத்தில் பாதி குறையும்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரி, பாரதி மகளிர் கல்லூரி, எம்.சி. ரோடு துணிக்கடைகள் எல்லாம் ஸ்டேஷனைச் சுற்றியே இருக்கின்றன. எம்.சி. ரோட்டுக்கு நடந்தே போகலாம். கல்யாணத்துக்குத் துணி எடுக்க வருகிறவர்கள் வண்டியில் வந்து நிறுத்த இடம் தேடி அலைவதைவிட ரயிலில் வருவது நிம்மதி. ஸ்டான்லிக்குப் பழைய சிறைச்சாலை ரோட்டில் போக வேண்டும். உடம்பு முடியாதவர்களுக்கு ஆட்டோ வையுங்கள், ஏறும் முன்பே தொகையைப் பேசிக்கொள்ளுங்கள்.

படி 6: பஸ்

பஸ் விஷயத்தில் இரண்டு இடம் முக்கியம். ஒன்று திருவொற்றியூர் நெடுஞ்சாலை. தண்டையார்பேட்டை, டோல்கேட், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் போகிற பஸ்கள் அதில்தான் ஓடும். இன்னொன்று மின்ட் என்று நாம் சொல்கிற வள்ளலார் நகர் பேருந்து நிலையம். ஸ்டேஷனிலிருந்து கொஞ்சம் நடக்க வேண்டும் அல்லது ஷேர் ஆட்டோ. கொடுங்கையூர், வியாசர்பாடி, மாதவரம் என்று ரயில் தொடாத இடங்களுக்கு மின்ட்தான் வழி.

பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021 மே 8 முதல் கட்டணம் கிடையாது. முகப்பில் இளஞ்சிவப்பு வண்ணம் பூசிய பஸ் என்றால் தயங்காமல் ஏறலாம். வடசென்னையில் மீன் விற்கிற, வீட்டு வேலைக்குப் போகிற, ஏற்றுமதித் துணி நிறுவனங்களில் தைக்கிற எத்தனை பெண்களுக்கு இது மாதச் செலவில் ஒரு பகுதியை மிச்சப்படுத்துகிறது என்பதை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் தெரியும். கடைசி ஒரு கிலோமீட்டருக்கு ஆட்டோ பிடிக்கும் முன் ஒரு பத்து நிமிடம் பஸ்ஸைப் பாருங்கள்.

படி 7: பெயரை நம்பி இறங்காதீர்கள்

மின்சார ரயில் பாதையிலும் தண்டையார்பேட்டை உண்டு, மெட்ரோவிலும் தண்டையார்பேட்டை உண்டு. இரண்டும் ஒரே இடத்தில் இல்லை. ரயில் பாதை மேற்கே தள்ளிப் போகிறது. மெட்ரோ நெடுஞ்சாலையை ஒட்டிப் போகிறது. நடுவில் நல்ல தூரம், அதுவும் நெரிசலான தெருக்கள். நானும் என் நண்பனும் ஒரே நேரத்தில் "தண்டையார்பேட்டை ஸ்டேஷன் வாசல்லதான் நிக்கிறேன்" என்று போனில் சொல்லிக்கொண்டு, இரண்டு வாசலில் கால்மணி நேரம் நின்றிருக்கிறோம். திருவொற்றியூருக்கும் அதே கதைதான். அதனால் யாருக்காவது வழி சொல்லும்போது வெறுமனே ஸ்டேஷன் என்று சொல்லாதீர்கள். ரயில் ஸ்டேஷனா, மெட்ரோவா என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

இந்தப் பக்கத்தில் பெயர் ஒன்றாக இருந்து இடமும் அருகில் இருப்பவை வண்ணாரப்பேட்டையும் விம்கோ நகரும்தான். பெயர்களைப் பற்றிப் பேசும்போது சொல்லாமல் இருக்க முடியவில்லை: விம்கோ என்பது தீப்பெட்டி கம்பெனி, வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியின் சுருக்கம். காலடிப்பேட்டை என்பது 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களுக்காக அமைத்த காலெட்பேட்டை. வண்ணாரப்பேட்டை, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏற்றுமதித் துணிகளை வெளுத்தவர்கள் குடியிருந்த இடம். மெட்ரோவில் ஒவ்வொரு ஸ்டேஷனாக அறிவிப்பு வரும்போது, இந்த ஊரில் உழைத்தவர்களின் பெயரையே வாசிப்பது போல எனக்கு இருக்கும்.

வண்ணாரப்பேட்டைக்கும் பீச்சுக்கும் நடுவில் ராயபுரம் வரும்போது போனைக் கீழே வையுங்கள். அந்தத் தூண்கள் வைத்த கட்டடத்தைப் பாருங்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-இல் அங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. சென்ட்ரல் அப்போது பிறக்கவே இல்லை. இந்தியத் துணைக்கண்டத்தில் இன்னும் நிற்கிற ஸ்டேஷன் கட்டடங்களில் மிகப் பழையது அது. தினமும் நாலாயிரம் கவலையோடு நாம் கடந்து போகிற இடம்.

படி 8: மழை நாளும் ராத்திரியும்

வடகிழக்குப் பருவமழை அடித்துப் பெய்தால் முதலில் சிக்கல் வருவது பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் நடுவில். அங்கே பாலத்தடியில் தண்ணீர் ஏறினால் மேற்கே போகும் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அதுதான் நடந்தது. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் சாலை வழியும் அடைபடும். அந்த மாதிரி நாளில் ரயிலுக்காகப் பிளாட்பாரத்தில் நனைந்துகொண்டு நிற்காமல், முதலில் மெட்ரோ ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் வடக்கே போகிறவர்கள் விம்கோ நகர் வரை போய்விடலாம். மேற்கே போகிறவர்கள் சென்ட்ரலோ கோயம்பேடோ போய், அங்கிருந்து பஸ் பார்க்க வேண்டியதுதான்.

மெட்ரோ காலை 5 மணிக்குத் தொடங்கி ராத்திரி 11 மணியோடு நின்றுவிடும். இரண்டாவது ஷிஃப்ட் முடித்து வருகிறவர்கள் பதினொன்றை நம்பாமல் பத்தரைக்குள் ஸ்டேஷனுக்குள் இருங்கள். வடக்கே கடைசிப் பீச் வண்டி, கடைசிச் சென்ட்ரல் வண்டி இரண்டின் நேரத்தையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். போனில் சார்ஜ் தீருவது சரியாக அந்த நேரத்தில்தான்.

இனி விம்கோ நகர். பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் கிண்டிக்கோ விமான நிலையத்துக்கோ போவதாக இருந்தால் வண்ணாரப்பேட்டை வரை வரவே வேண்டாம். பீச் வண்டியோ சென்ட்ரல் வண்டியோ, இரண்டும் விம்கோ நகரில் நிற்கும். அங்கேயே இறங்கிப் பக்கத்தில் மெட்ரோ ஏறிவிடலாம். கொருக்குப்பேட்டைக் குழப்பம் அங்கே கிடையாது, பேசின் பிரிட்ஜ் சிக்னலும் கிடையாது. மெட்ரோவும் பணிமனையிலிருந்து அப்போதுதான் வந்திருக்கும், உட்கார இடம் இருக்கும். கட்டணம் கொஞ்சம் கூடுதல்தான். பெரியம்மா இப்போதெல்லாம் அப்படித்தான் வருகிறார். விம்கோ நகரில் மெட்ரோ ஏறியதும் ஒரு போன், வண்ணாரப்பேட்டையில் லிஃப்டை விட்டு வெளியே வந்ததும் ஒரு போன்.

"கண்ணு, எந்த வண்டின்னு இன்னைக்கு கேக்கவே இல்ல. ரெண்டும் நிக்குது."

நான் நீலப் பலகைக்குக் கீழே நிற்கிறேன் என்று சொல்லி, ஆட்டோவை நிறுத்தி வைத்தேன்.